ஒரே சைக்கிள், இரண்டு ஜோடி வீல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போகப்போக, தாரை விட்டு மேற்கே இறங்கினால் பல இடங்களில் சில நூறு மீட்டரிலேயே மண் பாதை தொடங்கிவிடும். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே வண்டித் தடம், அதைத் தாண்டினால் ஏரிக்கரை, ஏரிக்கரை முடிந்ததும் கிராமத்துச் சிமெண்ட் ரோடு, மறுபடி தார். சென்னையிலிருந்து ஞாயிறு விடியலில் கிளம்பும் சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் இந்தத் திருப்பங்களைப் பார்த்துக்கொண்டே நேராகப் போய்விடுகிறார்கள். அவர்கள் ஓட்டுவது 25 அல்லது 28 மி.மீ. டயர் போட்ட ரோடு பைக். மணலில் இறங்கினால் முன்சக்கரம் புதையும். கூர்ங்கல்லில் ஏறினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

மவுண்டன் பைக்கில் அந்தத் தடமெல்லாம் சுகமாகப் போகும். ஆனால் தடம் முடிந்ததும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தாரில் வீடு திரும்ப வேண்டுமே! அகலமான நேர் ஹேண்டில்பார், நிமிர்ந்த முதுகு, முண்டு முண்டான தடித்த டயர். முட்டுக்காடு பாலத்தில் கடற்காற்று அடிக்கும்போது அந்த வண்டியை 25 கி.மீ. வேகத்தில் வைத்திருப்பதே பெரும்பாடு. இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்பதுதான் கிராவல் பைக். ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், 40 மி.மீ. டயரோ அதற்கு மேலோ நுழையும் இடைவெளி.

கிராவல் பைக் வாங்கியவர்களுக்குச் சில மாதங்களில் ஒரு கேள்வி வரும். ரோட்டில் நண்பர்களோடு வேகமாகப் போகத் தனியாக ஒரு ரோடு பைக் வாங்க வேண்டுமா? பந்தயத்துக்குப் போகாத பெரும்பாலானோருக்கு வேண்டியதில்லை. ரோடு டயர் போட்ட இன்னொரு ஜோடி வீல் போதும். ஆனால் அந்த ஜோடியை அவசரப்பட்டு வாங்கினால் பணமும் போகும், நிம்மதியும் போகும். சில மில்லிமீட்டர்கள் பொருந்தியாக வேண்டும். இங்கே பேசப்போவது பெரும்பாலும் அந்த மில்லிமீட்டர்களைப் பற்றித்தான்.

முதலில் 622. ரோடு பைக் ரிம்மில் டயரின் ஓரம் உட்காரும் வட்டத்தின் விட்டம் 622 மி.மீ. கிராவல் பைக்கின் 700சி ரிம்முக்கும் அதே 622. 29 அங்குலம் என்று விற்கப்படும் மவுண்டன் பைக் ரிம்முக்கும் அதே அளவுதான். ரிம் பிரேக் இருந்த காலத்தில் பிரேக் கட்டை ரிம்மைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்ததால் வேறு அகலத்தில் ரிம் போட்டாலே சிக்கல். டிஸ்க் பிரேக் வந்ததும் பிரேக் ரிம்மை விட்டு ஹப்புக்கு இறங்கிவிட்டது. ரிம் அகலமோ குறுகலோ, வட்டமே சிறியதோ, பிரேக்குக்குக் கவலையில்லை. ஒரே ஃப்ரேமில் இரண்டு வகை வீல் என்ற யோசனையைச் சாதாரண ஆட்களின் கைக்குக் கொண்டுவந்தது இந்த மாற்றம்தான்.

அகல டயரில் தாரையும் மண்ணையும் சேர்த்து ஓட்டுவது நம் ஊருக்குப் புதிதே அல்ல. பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயரில் 28 × 1½ என்று அச்சிட்டிருக்கும். இன்றைய அளவுமுறையில் அது 40-635. அதாவது 40 மி.மீ. அகலம், இன்றைய கிராவல் டயர் அளவு! ஆனால் வட்டம் 635. பக்கத்துக் கடையில் தொங்கும் 28 அங்குல டயரை அவசரத்துக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது 622 ரிம்மில் உட்காராது. டயரின் பக்கச்சுவரில் இருக்கும் ஜோடி எண்ணில் இரண்டாவதைப் பார்த்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

கிராவல் பந்தயத்தின் பெரிய பெயர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. எம்போரியா ஊரில் 2006இல் 34 பேருடன் தொடங்கிய 200 மைல் பந்தயம்தான் இன்று அன்பவுண்ட் கிராவல். அம்புமுனை செய்யப் பயன்பட்ட ஃப்ளிண்ட் கல் பரவிய பாதை, டயரின் பக்கச்சுவரைக் கத்தியாகக் கிழிக்கும். 2012இல் சால்சா நிறுவனம் இத்தகைய பந்தயங்களுக்கென்றே வார்பேர்ட் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 2022 அக்டோபரில் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது.

நம் விஷயத்துக்கு இவற்றைவிட முக்கியமானது 2015. செர்வேலோ நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜெரார்ட் வ்ரூமன், பிறகு ஓப்பன் என்ற சிறு நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். அங்கே அந்த ஆண்டு வந்த யு.பி. ஃப்ரேமில் 700சி வீலில் 40 மி.மீ. டயரும் போகும், சற்றுச் சிறிய வட்டமான 650பி வீலில் 2.1 அங்குல மவுண்டன் டயரும் போகும். பெரிய டயருக்கு இடம் விட வேண்டுமென்றால் பின்பக்கத்தை நீட்டிவிடுவதே வழக்கம். வ்ரூமன் நீட்டவில்லை. செயின் பக்கத்துக் குழாயைக் கீழே தாழ்த்தி, பல்சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவே இருந்த நெரிசலைத் தீர்த்தார். பின்பக்க நீளம் 420 மி.மீ.யில் நின்றது. ரோடு பைக்குகளில் இது 405 முதல் 415 வரை இருக்கும்; வித்தியாசம் மிகச் சிறியது. வீலை மாற்றினால் வண்டியின் குணமே மாற வேண்டும் என்று எண்ணி வடிவமைத்த ஃப்ரேம் அது. தாழ்த்திய அந்தக் குழாயை இன்று பல நிறுவனங்களின் கிராவல் பைக்குகளில் பார்க்கலாம்.

பிறகு வந்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். போலந்தின் ரோண்டோ நிறுவனம் முன்ஃபோர்க்கில் ஆக்சிலுக்கு இரண்டு இடம் வைத்தது. ஒன்றில் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பும், மற்றதில் நிதானமாக நேரே போகும். ஜயண்ட் ரிவோல்ட் வண்டியின் பின் ஆக்சிலுக்கும் இரண்டு இடம் உண்டு. முன்னால் தள்ளி வைத்தால் 42 மி.மீ. டயர் வரை போகும், பின்னால் தள்ளினால் 53 வரை. ஒரே ஆள் ஒரே வண்டியில் இருவேறு டயர் போடுவான் என்பதை எதிர்பார்த்தே வண்டி செய்கிறார்கள்.

டயர் மாறினால் வண்டியின் குணம் ஏன் மாறுகிறது? அகல டயர் உயரமாகவும் இருக்கும் என்பதால்தான். ஒரு கணக்கைப் பார்க்கலாம். 700சி ரிம்மில் 40 மி.மீ. டயர் போட்டால் அச்சிலிருந்து தரைக்கு ஏறக்குறைய 351 மி.மீ. அதையே 28 டயராக்கினால் 339. வண்டி முழுவதுமாக 12 மி.மீ. கீழே இறங்குகிறது. பெடலும் இறங்குகிறது. ஏற்கனவே தாழ்வாக இருக்கும் கிராவல் பைக்கில், வேகமாக வளையும்போது உள்பக்கப் பெடலை மிதித்தால் தரையில் உரசும். மலைச் சாலையில் இது உண்மையான ஆபத்து. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது உள்பக்கக் காலை மேலே வைத்திருக்கும் பழக்கம் ரோடு பைக்காரர்களுக்கு இருந்தாலே நல்லது. கிராவல் ஃப்ரேமில் ஒல்லி டயர் போட்டவருக்கு அது கட்டாயம்.

ஸ்டியரிங்கும் மாறும். ஹேண்டில்பார் திரும்பும் அச்சைக் கோடு போட்டுத் தரை வரை நீட்டினால் அது தொடும் புள்ளி ஒன்று. டயர் தரையைத் தொடும் புள்ளி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை டிரெயில் என்பார்கள். அது கூடினால் வண்டி நேராகப் போகவே விரும்பும், குறைந்தால் சட்டென்று திரும்பும். முன்குழாய் 71.5 பாகை சாய்வு, ஃபோர்க் 50 மி.மீ. முன்தள்ளல் கொண்ட வண்டியில் 40 டயரோடு டிரெயில் 65 மி.மீ. வரும். 28 டயருக்கு மாறினால் 61. ரோடு பைக்குகளில் இது வழக்கமாக 60க்குச் சற்றுக் கீழே இருக்கும். மண்ணில் நிதானம் வேண்டியபோது நிதானம், தாரில் சுறுசுறுப்பு வேண்டியபோது சுறுசுறுப்பு என்று நமக்கு வேண்டிய திசையிலேயே மாற்றம் நடக்கிறது. ரோடு வீலைப் போட்டதும் வண்டி உயிர்பெற்றது போலிருக்கிறது என்று பலர் சொல்வதற்கு, எடை குறைவதோடு இந்த நான்கு மில்லிமீட்டருக்கும் பங்குண்டு.

இந்த மாற்றமே வேண்டாம், இரண்டு வீலிலும் வண்டி ஒரே மாதிரி திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு அழகான ஒரு வழி இருக்கிறது. 622 ரிம்மோடு மேலும் கீழும் 28 சேர்த்தால் 678. பிரெஞ்சு சைக்கிள் பயணிகள் விரும்பிய 650பி ரிம்மின் விட்டம் 584. அதோடு மேலும் கீழும் 47 சேர்த்தால் அதுவும் 678! தாருக்கு 700சி × 28, மண்ணுக்கு 650பி × 47 என்று இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் உயரம், டிரெயில், பெடல் இடைவெளி எதுவும் மாறாது. காற்றுப்பை மட்டும் பெருக்கும். டபிள்யூடிபி நிறுவனம் 2016இல் 47 மி.மீ. அகலத்தில் ஹொரைசன் என்ற டயரைக் கொண்டுவந்தபோது சொன்ன கணக்கும் இதே வகைதான். இன்று 700சியிலேயே 45, 50 டயர் போகும் ஃப்ரேம்கள் பெருகிவிட்டதால் 650பியின் மவுசு குறைந்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் 650பி அளவில் நல்ல டயர் கிடைப்பதும் எளிதல்ல. குள்ளமானவர்களுக்கான சிறிய ஃப்ரேமில் மட்டும் இன்றும் அதுவே நல்ல தேர்வு. சிறிய ஃப்ரேமில் பெரிய வட்டம் போட்டால் திரும்பும்போது கால்விரல் முன்டயரில் இடிக்கும்.

இனி ஹப். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

இப்போது வரும் கிராவல் பைக்குகளிலும் டிஸ்க் ரோடு பைக்குகளிலும் முன்பக்கம் 12 × 100, பின்பக்கம் 12 × 142 மி.மீ. என்பதே பொது அளவு. ஆக்சில் ஃப்ரேமோடு சேர்ந்தது, வீலோடு அல்ல. ஆகவே ஆக்சிலின் மரை பற்றி யோசிக்க வேண்டாம், ஹப்பின் அளவு பொருந்தினால் போதும். ஆரம்பக்கட்ட கிராவல் பைக்குகள் சிலவற்றில் முன் ஆக்சில் 15 மி.மீ. இருந்தது; விலை குறைந்தவற்றில் குயிக் ரிலீஸ் இன்னும் இருக்கிறது. மவுண்டன் பைக்குக்கான 110, 148 அளவு ஹப் உள்ளே போகவே போகாது. கேனண்டேலின் சில மாடல்களில் பின்வீலின் ரிம் செயினுக்கு எதிர்ப்பக்கம் 6 மி.மீ. தள்ளிக் கட்டப்பட்டிருக்கும், அவற்றுக்குக் கடையில் வாங்கும் சாதாரண வீல் நடுவில் நிற்காது, ஸ்போக்கைத் திருத்தி ரிம்மை நகர்த்த வேண்டும். கோட்டம் எடுப்பதில் கைதேர்ந்த மெக்கானிக் இருந்தால் செய்துவிடலாம்.

அளவு பொருந்தினாலும் டிஸ்க் உரசலாம். கேலிப்பரில் பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு நிறுவனத்து ஹப்பில் ரோட்டர் உட்காரும் இடமும் இன்னொரு நிறுவனத்து ஹப்பில் உட்காரும் இடமும் அந்த அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒவ்வொரு முறை வீல் மாற்றும்போதும் கேலிப்பரைத் தளர்த்தி, நடுவில் நிறுத்தி, மறுபடி இறுக்க வேண்டியிருந்தால் ஒரே மாதத்தில் அலுத்துப்போய் ஒரு ஜோடி பரணுக்குப் போய்விடும். தப்பிக்க இரண்டு வழி. இரண்டு ஜோடிக்கும் ஒரே மாடல் ஹப், ஒரே மாடல் ரோட்டர் வாங்குவது முதல் வழி, சிறந்த வழி. ரோட்டருக்கு அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் வளையங்களால் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது இரண்டாவது. 0.2 மி.மீ. தடிமனில் அவை கிடைக்கின்றன. ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்துவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை.

ரோட்டர் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 160க்கு அமைத்த கேலிப்பரில் 140 போட்டால் பேடு சரியாகப் பிடிக்காது. விலை குறைந்த ரோட்டர்கள் சிலவற்றில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருக்கும். உலோகப் பேடு போட்ட வண்டியில் அவற்றை மாட்டினால் ரோட்டர் விரைவில் தேய்ந்துபோகும். ஹைட்ராலிக் பிரேக்கில் வீல் வெளியே இருக்கும்போது லீவரைப் பிடிக்கவே கூடாது. பிஸ்டன் முன்னால் வந்துவிடும், அப்புறம் ரோட்டர் உள்ளே நுழையாது. பேடுகளுக்கு நடுவே வைக்கும் பிளாஸ்டிக் துண்டு வண்டியோடு வந்திருக்கும்; அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து வீலைக் கழற்றும்போது செருகுவது நல்லது.

அடுத்து கேசட், அதாவது பின்பல்சக்கரங்களின் அடுக்கு. ஹப்பின் மேல் கேசட் ஏறும் பகுதியில் பல வகை: ஷிமானோவின் பழைய எச்ஜி, 12 வேக மவுண்டன் கேசட்டுக்கான மைக்ரோ ஸ்ப்ளைன், ஸ்ராமின் எக்ஸ்டி, எக்ஸ்டிஆர். ஒன்றுக்கான கேசட் இன்னொன்றில் ஏறாது. ஷிமானோவின் கிராவல் கியர் தொகுதியான ஜிஆர்எக்ஸில், 2019இல் வந்த 11 வேகத்தை வைத்திருப்பவர்கள் எச்ஜியோடு நிம்மதியாக இருக்கலாம். 2023இல் வந்த 12 வேக ஜிஆர்எக்ஸில் முன்னால் ஒற்றைப் பல்சக்கரம், பின்னால் 10-45 அல்லது 10-51 என்றால் மைக்ரோ ஸ்ப்ளைன் வேண்டும். முன்னால் இரட்டை, பின்னால் 11-34 அல்லது 11-36 என்றால் எச்ஜி. வீல் வாங்கும் முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பளபளப்பான கார்பன் ரிம்மைப் பார்த்த மகிழ்ச்சியில் இதைக் கேட்க மறந்துவிடுவது எளிது.

இரண்டு வீலுக்கும் தனித்தனிக் கேசட் வாங்குங்கள். ஒரே கேசட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டுவது யாராலும் நெடுநாள் செய்ய முடியாத வேலை. மண் வீலில் பெரிய கேசட், தார் வீலில் நெருக்கமான பற்கள் கொண்ட சிறியது என்று வைக்கும் ஆசை நியாயமானது. எதிர்க்காற்றில் ஒரு பல் வித்தியாசத்தில் கியர் மாற்றும் சுகத்துக்கு ஈடில்லை. ஆனால் எல்லை உண்டு. ஜிஆர்எக்ஸ் ஆர்எக்ஸ்810 பின் டீரெய்லர், மிகப்பெரிய பல் 30 முதல் 34 வரை உள்ள கேசட்டுகளுக்கானது. 11-34, 11-30 இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாம். ஆர்எக்ஸ்812 டீரெய்லருக்கு அந்த எல்லை 40 முதல் 42. அதில் தார் வீலுக்கென்று 11-28 போடுவது நிறுவனம் சொல்லும் அளவுக்கு வெளியே. செயின் நீளத்தை எப்போதும் பெரிய கேசட்டுக்கு அளந்துதான் வெட்ட வேண்டும். சிறியதற்கு வெட்டிவிட்டுப் பெரியதில் கியரை ஏற்றினால் செயின் இறுகி டீரெய்லரையே பிய்த்துவிடும்.

கிராவல் கியரில் ரோட்டில் வேகம் போதுமா என்ற பயம் பலருக்கு. முன்னால் 40 பல், பின்னால் 11, டயர் 28, நிமிடத்துக்கு 90 மிதி என்றால் மணிக்கு ஏறக்குறைய 42 கி.மீ. முன்னால் 48 பல் இருந்தால் 50 கி.மீ. சமதளத்தில் 42ஐத் தனியாகத் தொடர்ந்து ஓட்டுபவர்கள் நம்மில் மிகச் சிலர்தான். குழுவாக, காற்றை மறைத்துக்கொண்டு வேகமாகப் போகும்போது ஒற்றைப் பல்சக்கரக்காரர் திணறக்கூடும்; இரட்டை வைத்திருப்பவர் திணற மாட்டார். ரோட்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி என்று முடிவுசெய்தவர்களுக்கு, வாங்கும்போதே முன்னால் இரட்டைப் பல்சக்கரம் பார்த்து வாங்குவது நல்லது என்பதே இங்கு சொல்லக்கூடிய தெளிவான தீர்ப்பு. 48-31 முன்னால், 11-34 பின்னால் இருந்தால், மிக இலகுவான கியரில் நிமிடத்துக்கு 60 மிதித்தால் மணிக்கு 7 கி.மீ. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளையும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

டயர் அகலம் பற்றிப் பழைய நம்பிக்கை ஒன்று கிட்டத்தட்டச் செத்துவிட்டது: ஒல்லியும் கெட்டிக் காற்றும்தான் வேகம் என்பது. சியாட்டிலில் வாழும் யான் ஹைனேவின் 'பைசைக்கிள் குவாட்டர்லி' இதழ் பல ஆண்டுகளாக அளந்து காட்டியது, நல்ல நெகிழ்வான டயராக இருந்தால் அகலம் வேகத்தைக் குறைப்பதில்லை என்பதுதான். கரடுமுரடான ரோட்டில் கெட்டியான டயர் துள்ளும்; ஓட்டுபவரின் உடல் அந்தத் துள்ளலை வாங்கிக்கொள்வதிலேயே சக்தி வீணாகும். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் 23 மி.மீ. ஓட்டிய தொழில்முறை வீரர்கள் இன்று 28, 30 ஓட்டுகிறார்கள். நம் ஊர்த் தாரின் தரத்துக்குத் தார் வீலில் 30 அல்லது 32 போடுவதே புத்திசாலித்தனம். கிராவல் ஃப்ரேமில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 28இல் நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பெடல் உரசும் பயமும் சற்றுக் குறையும்.

ரிம்மின் உள்ளகலத்தையும் பார்க்க வேண்டும். கிராவல் ரிம்கள் இப்போது 24, 25 மி.மீ. உள்ளகலத்தில் வருகின்றன, பல ஹூக்லெஸ், அதாவது டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாதவை. அவற்றில் 5 பார், அதாவது ஏறக்குறைய 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடிக்கக் கூடாது, 25 மி.மீ. உள்ளகலம் என்றால் டயர் குறைந்தது 29 மி.மீ. இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜியத்தின் தாமஸ் டி ஹென்ட்டின் முன்டயர் ரிம்மிலிருந்து கழன்று விழுந்தபோது, இந்த எண்களைப் பற்றி உலகம் முழுக்க வாக்குவாதம் கிளம்பியது. மண் வீலிலேயே ஒல்லி டயரைப் போட்டுச் சமாளிக்கலாம் என்பவர்கள் முதலில் ரிம்மில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்க வேண்டும். தார் ஜோடிக்குக் கொக்கி விளிம்புள்ள, 19 முதல் 21 மி.மீ. உள்ளகல அலுமினிய ரிம் நிம்மதியான தேர்வு. 50 மி.மீ. ஆழமுள்ள கார்பன் ரிம் படத்தில் அழகு. கடற்கரைச் சாலையில் பக்கக்காற்று அடிக்கும்போது எடை குறைந்தவர்களின் ஹேண்டில்பாரைப் பிடுங்கும். உப்புக்காற்றில் ஓடும் வீலுக்கு ஸ்போக் நிப்பிள் பித்தளையில் இருந்தால் அலுமினியத்தைவிட நீண்டநாள் அரிக்காமல் இருக்கும்.

கான்சாஸுக்கு ஃப்ளிண்ட் கல் என்றால் நமக்குச் சீமைக் கருவேலம். ஏரிக்கரை, கண்மாய்க்கரை, புறம்போக்கு எங்கும் உதிர்ந்து கிடக்கும் அந்த முள் எந்த ரப்பரையும் துளைக்கும். கூடவே நெருஞ்சி. மண் வீலில் டியூப் போட்டு இந்தத் தடங்களில் இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. டியூப்லெஸ் டயரும் உள்ளே சீலண்ட் திரவமும் இருந்தால் முள் குத்திய துளை, ஓட்டுபவருக்குத் தெரிவதற்குள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். நம் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் உலர்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றிப் பார்த்து ஊற்ற வேண்டும். தார் வீலுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. அதிகக் காற்றழுத்தத்தில் சீலண்ட் துளையை அடைக்கத் தடுமாறும் என்பதால் அங்கே நல்ல டியூபும் ஒரு மாற்று டியூபும் போதும்.

ஒரே ஜோடி வீலை வைத்துக்கொண்டு டயரை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. டியூப்லெஸ் டயரைக் கழற்றினால் சீலண்ட் வழியும், ரிம்மைத் துடைக்க வேண்டும், புதிய டயர் உட்கார வேகமாகக் காற்று அடிக்க வேண்டும். வீல் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் ஏறிப் பார்க்கும் தடமெல்லாம் கெட்டியான செம்மண்ணும் சிமெண்ட் ரோடுமாக இருந்தால் இரண்டாவது ஜோடியே வேண்டாம். 35 அல்லது 38இல் வழவழப்பான டயர் ஒன்று இரண்டையும் தாங்கும். மணலும் சரளையும் அடிக்கடி வந்தால்தான் இரண்டாவது ஜோடிக்குப் பணம் செலவழிப்பதில் அர்த்தம்.

செயினை மறக்கக் கூடாது. செயினும் கேசட்டும் சேர்ந்தே தேயும். அதிகம் ஓடும் கேசட் தேய்ந்துகொண்டே இருக்க, மற்றது புதிதாகவே இருக்கும். செயின் மிகவும் நீண்ட பிறகு மாற்றினால், புதுச் செயின் பழைய கேசட்டில் வழுக்கும். 11, 12 வேகச் செயினை, அளவுக்கருவி 0.5 சதவீதம் காட்டியதும் மாற்றிவிட்டால் இரண்டு கேசட்டும் ஒன்றாக நெடுநாள் உழைக்கும். மண்ணில் ஓட்டிய செயினைத் துடைக்காமல் தார் வீலை மாட்டினால் செம்மண் துகள் சுத்தமான கேசட்டைத் தின்றுவிடும்.

நீள்தூர பிரேவே ஓட்டுபவர்களுக்கு இந்த ஏற்பாடு பிரமாதமாகப் பொருந்துகிறது. 200 கி.மீ.யை 13½ மணி நேரத்தில், 600ஐ 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அங்கே உச்சவேகத்தைவிட முதுகும் உள்ளங்கையும் தாங்குவது முக்கியம். கிராவல் ஃப்ரேமில் பை கட்ட இடம், மட்கார்டு மாட்டத் துளை, 32 டயர் எல்லாம் இருக்கிறது. 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1200 கி.மீ. பயணத்துக்கு இப்போது நூற்றுக்கணக்கான இந்தியர்கள் போகிறார்கள். டயரின் அகலம் பற்றி அங்கே விதியே கிடையாது. வீல் சுற்றளவை வைத்துத் தூரம் காட்டும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் எண்ணை மாற்ற வேண்டும். 28 டயருக்கு 2136 மி.மீ., 40க்கு 2200. மூன்று சதவீதம் சிறிதாகத் தெரியலாம், 200 கி.மீ.யில் அது ஆறு கி.மீ.

யாருக்கு இது ஒத்துவராது? வட்டப்பந்தயத்திலோ தனிநபர் நேரப் பந்தயத்திலோ இறங்குபவர்களுக்கு. 30 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதிலேயே போகிறது. கிராவல் ஃப்ரேமில் ஹேண்டில்பார் உயரமாக இருக்கும், நெஞ்சு நிமிர்ந்து காற்றை வாங்கும். ஸ்டெம்முக்குக் கீழே உள்ள வளையங்களை எடுத்துக் கொஞ்சம் தாழ்த்தலாம். ரோடு ரேஸ் வண்டியின் தாழ்வு வராது. பந்தயத்தில் ஒரு நொடியும் கணக்கு என்பதால் அவர்கள் தனி வண்டி வாங்குவது நியாயம்.

மற்றவர்கள் இரண்டாவது வண்டிக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு பகுதியை நல்ல வீலுக்கும் நல்ல டயருக்கும் போடுங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் வண்டியையே ஓட்டிக்கொண்டு போங்கள். ஹப் அளவு, ரோட்டர் அளவு, கேசட் வகை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் முன் புது வீலை உங்கள் ஃப்ரேமில் மாட்டச் சொல்லி, டிஸ்க் உரசாமல் சுற்றுகிறதா, எல்லா கியரும் விழுகிறதா என்று பாருங்கள்.